சட்டை இரண்டு... வளையம் ஒன்று!

ரமணாசிரமம் பகுதியில் வசிக்கும் குட்டீஸுக்கு ஒரு வசதி உண்டு. அட்லஸைப் புரட்டாமலே உலகத்தைச் சுற்றிப் பார்த்து விடலாம்! மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலைப் பக்கம் காலையில் பால் வாங்கப் போனால் போதும். டீக்கடை பெஞ்சில் ஜெர்மனிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இளநீர்க் கடையில் ஆஸ்திரேலியப் பாட்டி நிற்பார். 'எவ்ளோ?' என்று தமிழிலேயே விலை கேட்கும் அமெரிக்க அங்கிளும் உண்டு.

அவர்கள் போட்டிருக்கும் பனியன்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலவற்றில் 'அர்ஜென்டினா', 'ஆஸ்திரேலியா' என்று நாட்டின் பெயர் இருக்கும். அது புரிகிறது. ஆனால் சிலவற்றில் 'ஸ்பர்ஸ்' என்றும், 'லேக்கர்ஸ்' என்றும் இருக்கும். எந்த அட்லஸில் தேடினாலும் அப்படி ஒரு நாடு கிடைக்காது!

அவை கூடைப்பந்து அணிகளின் பெயர்கள். அமெரிக்காவில் நடக்கும் என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டியில் ஆடும் அணிகள். 'லீக்' என்று சொல்வார்கள். சம்பளம் கொடுத்து வீரர்களைச் சேர்த்துக் கொண்டு, ஊர் ஊராக மோதும் போட்டி.

நமக்குக் கிரிக்கெட்டில் இது பழக்கமான விஷயம்தான். தோனி நீலச் சட்டை போட்டுக் கொண்டு 2011-ல் உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். மஞ்சள் சட்டை போட்டுக் கொண்டு சென்னை அணிக்கு 5 முறை ஐ.பி.எல். கோப்பையை வாங்கித் தந்தார். ஒரே ஆள், இரண்டு சட்டை.

கூடைப்பந்திலும் அப்படித்தான். ஆனால் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு சட்டையில் சூரப்புலியாக இருப்பவர், இன்னொரு சட்டையைப் போட்டதும் திணறுவார். ஒரு சட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், இன்னொரு சட்டையில் ராஜாவாகி விடுவார்! அது ஏன்? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அப்புறம், ஒரே ஒரு சட்டை மட்டும் வைத்துக் கொண்டு 18 ஆண்டுகள் ஆடிய நம்ம சென்னை அக்கா ஒருவரைப் பற்றியும்!

கிரிவலமும் தீபமும்

முதலில் கணக்கு. என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 82 ஆட்டங்கள் ஆட வேண்டும். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். அதில் தேறிய அணிகள் ஜூன் வரை மோதும்.

ஒலிம்பிக்கில்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க ஆண்கள் அணி ஆடியது மொத்தமே 6 ஆட்டங்கள்!

82 எங்கே, 6 எங்கே!

திருவண்ணாமலைக் குழந்தைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லி விடலாம். லீக் என்பது பௌர்ணமிக் கிரிவலம் மாதிரி. 14 கிலோமீட்டர். இந்த மாதம் கால் வலித்து அடி அண்ணாமலையிலேயே உட்கார்ந்து விட்டீர்களா? பரவாயில்லை, அடுத்த பௌர்ணமி வரும். ஒலிம்பிக் என்பது கார்த்திகை தீபம் மாதிரி. தீபம் 11 நாள் எரியும் என்பது உண்மைதான். ஆனால் மாலை 6 மணிக்கு உச்சியில் ஏற்றுகிறார்களே, அந்த ஒரு நிமிஷத்தைத் தவற விட்டால் விட்டதுதான். தீபமாவது அடுத்த வருஷம் வந்து விடும். ஒலிம்பிக்குக்கு 4 வருஷம் காத்திருக்க வேண்டும்!

ஆக, லீக்கில் ஒரு வீரர் 10 ஆட்டம் சொதப்பினாலும் மீதி 72 ஆட்டத்தில் சரி செய்து கொள்ளலாம். நாட்டுக்கு ஆடும்போது ஒரு ஆட்டம் சொதப்பினால் பெட்டியைக் கட்டிக் கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். லீக் அணியில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி எடுப்பார்கள். யார் எந்தப் பக்கம் ஓடுவார், யார் பந்தை எப்போது தருவார் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நாட்டின் அணியோ போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கூடும். கல்யாண வீட்டில் பெரியப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் சேர்ந்து 'டீம்' பிரித்து ஆடுவீர்களே... கிட்டத்தட்ட அப்படித்தான்!

சாக்பீஸ் எடுங்க!

விதிகளும் கொஞ்சம் மாறும். வளையத்தின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். தரையிலிருந்து 3.05 மீட்டர். அதாவது 10 அடி. ஆனால் மற்றவை?

மொட்டை மாடிக்குப் போய் ஒரு சாக்பீஸும் அம்மாவின் இஞ்ச் டேப்பும் எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் வளையம். அங்கிருந்து 6.75 மீட்டர் அளந்து ஒரு கோடு போடுங்கள். உலகப் போட்டிகளில் 3 புள்ளிக் கோடு அதுதான். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து கூடையில் போட்டால் 2-க்குப் பதில் 3 புள்ளி கிடைக்கும். இப்போது 7.24 மீட்டரில் இன்னொரு கோடு. இது என்.பி.ஏ. கோடு. இரண்டுக்கும் நடுவே 49 சென்டிமீட்டர். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறதே 15 சென்டிமீட்டர் ஸ்கேல், அதை மூன்று முறை வைத்தாலும் கொஞ்சம் பாக்கி இருக்கும்! (மூலைகளில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.)

தினமும் 7.24-ல் நின்று எறிந்து பழகியவருக்கு 6.75 சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கும். ஆனால் உள்ளே புகுந்து வளையத்துக்குப் பக்கத்தில் போவது கஷ்டமாகி விடும்! ஏன் தெரியுமா? என்.பி.ஏ.வில் ஒரு நெட்டை வீரர், யாரையும் மறிக்காமல் வளையத்துக்கு அடியிலேயே 3 வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. உலகப் போட்டியில் அந்தத் தடை இல்லை. கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி அங்கேயே நிற்கலாம்! லீக்கில் சர்ரென்று உள்ளே பாய்ந்து பழகியவர், உலகப் போட்டியில் இந்தத் துவாரபாலகரைப் பார்த்ததும் பிரேக் போடுகிறார்.

நேரமும் வேறு. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். உலகப் போட்டி 40 நிமிடம். என்.பி.ஏ.வில் 6 ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும். உலகப் போட்டியில் 5 ஃபவுலே போதும்.

இங்கே ஒரு குட்டிக் கணக்கு. ஒருவர் 40 நிமிட ஆட்டத்தில் 20 புள்ளி எடுக்கிறார். அதே வேகத்தில் 48 நிமிடம் ஆடினால் எத்தனை எடுப்பார்? 24! அதனால் 'இவர் லீக்கில் சராசரி 24, நாட்டுக்கு 20தான். நாட்டுக்கு ஒழுங்காக ஆடவில்லை' என்று யாராவது சொன்னால் உடனே நம்பி விடாதீர்கள்.

ஒரே அணி, எதிர் எதிர் அணி!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு ஊர். நம்ம ஊர்ப் பக்கம் புனித அந்தோணியார் கோயில்கள் இருக்கின்றன இல்லையா, அதே அந்தோணியார் பெயரில் அமைந்த ஊர்தான். அந்த ஊர் அணிதான் ஸ்பர்ஸ்.

2003-ல் ஸ்பர்ஸ் என்.பி.ஏ. சாம்பியன். அந்த அணியில் இருவர். ஒருவர் டிம் டன்கன், அமெரிக்க அணிக்காக ஆடுபவர். அமைதியானவர். லீக்கில் பெரிய ஜாம்பவான். இன்னொருவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த மனு ஜினோபிலி. இருவரும் ஒரே உடை மாற்றும் அறையைப் பயன்படுத்துபவர்கள்.

அடுத்த ஆண்டு, 2004. ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதி. அமெரிக்காவும் அர்ஜென்டினாவும் மோதின! நேற்று வரை 'பாஸ்' கொடுத்துக் கொண்டவர்கள் இன்று எதிர் எதிரே.

அமெரிக்கா 1992 முதல் என்.பி.ஏ. நட்சத்திரங்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பி வந்தது. 1992, 1996, 2000 மூன்றிலும் தங்கம். 'இவர்களைத் தோற்கடிக்கவே முடியாது' என்று உலகம் முடிவு கட்டியிருந்த நேரம்.

அந்த அரையிறுதியில் அர்ஜென்டினா 89, அமெரிக்கா 81. ஜினோபிலி மட்டும் 29 புள்ளி! இறுதிப் போட்டியில் இத்தாலியையும் வென்று அர்ஜென்டினா தங்கம் வாங்கியது. டன்கனுக்குக் கிடைத்தது வெண்கலம்.

அர்ஜென்டினா அணியில் பலர் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். அமெரிக்க அணியோ அவசரமாகச் சேர்த்த அணி. முன்னே சொன்னோமே கல்யாண வீட்டு டீம்... அதுதான் நடந்தது.

சரி, ஊர் திரும்பிய பிறகு இருவரும் முகத்தைத் திருப்பிக் கொண்டார்களா? அதுதான் இல்லை! 2005-ல் இருவரும் ஒன்றாக ஆடி ஸ்பர்ஸுக்கு மறுபடியும் கோப்பையை வாங்கித் தந்தார்கள். மொத்தத்தில் டன்கனுக்கு 5 என்.பி.ஏ. கோப்பைகள், ஒலிம்பிக் தங்கம் இல்லை. ஜினோபிலிக்கு 4 கோப்பைகள், கூடவே தங்கம். இதில் யார் பெரியவர்? உங்கள் அண்ணனோடு சண்டை போடாமல் பேசிப் பாருங்கள்!

அதே ஸ்பர்ஸில் 2012-ல் ஒரு குட்டை வீரர் சேர்ந்தார். குட்டை என்றால் கூடைப்பந்து கணக்கில் குட்டை. பேட்டி மில்ஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி வம்சத்தைச் சேர்ந்தவர். 10 சீசன்கள் ஸ்பர்ஸில் இருந்தார். பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வரும் மாற்று ஆட்டக்காரர். முதலில் இறங்கும் ஐவர் களைத்த பிறகு அழைப்பார்கள். வருவார், நாலு பந்து எறிவார், போய் உட்காருவார்.

ஆஸ்திரேலியச் சட்டையைப் போட்டால்? ஆளே வேறு!

ஆஸ்திரேலிய ஆண்கள் அணிக்கு ஒலிம்பிக்கில் ஒரு சாபம் மாதிரி இருந்தது. 1988, 1996, 2000, 2016... நான்கு முறையும் நான்காம் இடம். பதக்கமே கிடையாது. கொரோனாவால் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. ஆகஸ்ட் 7-ம் தேதி. ஞாபகம் இருக்கிறதா? நம்ம நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினாரே, அதே நாள்! வெண்கலப் பதக்கத்துக்காக ஆஸ்திரேலியாவும் ஸ்லோவேனியாவும் மோதின. எதிரணியில் லூகா டான்சிச் என்ற சூப்பர் ஸ்டார் இருந்தார். ஆஸ்திரேலியா 107-93 என்று வென்றது. மில்ஸ் எடுத்தது 42 புள்ளி!

லீக்கில் மாற்று ஆட்டக்காரர் எப்படி நாட்டுக்கு 42 எடுத்தார்? மாயம் ஒன்றும் இல்லை. ஸ்பர்ஸில் அவரை விடப் பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். பந்து அவர்கள் கைக்குப் போகும். ஆஸ்திரேலியாவில் பந்து இவர் கைக்கு வரும். உங்கள் வகுப்பில் 5-வது ரேங்க் எடுப்பவர் வேறு பள்ளிக்குப் போனால் முதல் ரேங்க் எடுப்பதில்லையா?

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் கார்மெலோ ஆன்டனி. 19 சீசன்கள் என்.பி.ஏ.வில் ஆடி 28 ஆயிரத்துக்கும் மேல் புள்ளிகள் குவித்தவர். ஆனால் ஒரு முறைகூட இறுதிப் போட்டியை எட்டவில்லை. நாட்டுக்கு ஆடியதில் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் தங்கம்! 2012 லண்டனில் நைஜீரியாவுக்கு எதிராக 14 நிமிடத்தில் 37 புள்ளி எடுத்தார். சினிமாவில்கூட நம்ப மாட்டோம். நாட்டு அணியில் லெப்ரான் ஜேம்ஸ், கோபி பிரயன்ட் எல்லாம் பக்கத்தில் ஆடினார்கள். எதிரணிக்காரர்கள் யாரைத்தான் மறிப்பார்கள், பாவம்!

நம்ம நாட்டில்...

இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை. 1980 மாஸ்கோவில். பெண்கள் அணி இதுவரை ஆடியதில்லை.

ஆனாலும் அதிசயங்கள் நடந்திருக்கின்றன. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று இந்தியா வென்றது! ஆசியாவில் சீனா கூடைப்பந்து ராட்சசன். அன்று ஜெயித்தவர்களில் ஒருவரான அம்ரித்பால் சிங், 2017-ல் ஆஸ்திரேலிய லீக்கில் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். அந்த லீக்கில் ஆடிய முதல் இந்தியர் அவர்.

சத்னாம் சிங் கதை வேறு மாதிரி. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்துப் பையன். உயரம் 7 அடி 2 அங்குலம்! வீட்டு நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாது. 2015-ல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், டல்லஸ் மாவெரிக்ஸ் அணி 52-வதாக அவர் பெயரை அழைத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. ஆனால் அந்த அணியின் பயிற்சி லீக்கில்தான் ஆட முடிந்தது. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட, ஒரு நிமிடம்கூட அவர் இறங்கவில்லை. இந்திய அணிக்காகப் பல போட்டிகளில் ஆடியவர், பிறகு மல்யுத்த மேடைக்குப் போய் விட்டார். சத்னாமைத் தோற்றவர் என்று சொல்வது தப்பு என்பேன். 130 கோடிப் பேரில் அந்தக் கதவைத் தட்டித் திறந்து எட்டிப் பார்த்த முதல் ஆள் அவர்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள்

இப்போது அக்காக்கள் கதை. ரயில்வே என்றால் ரயில் மட்டும் ஓட்டுவார்கள் என்றா நினைத்தீர்கள்? விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து, அணி சேர்த்து, ஆடவும் வைப்பார்கள். நாட்டிலேயே அதிக விளையாட்டு வீரர்கள் வேலை பார்க்கும் இடங்களில் ரயில்வேயும் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயில், ஒரே காலத்தில் இரண்டு கூடைப்பந்து நட்சத்திரங்கள் இருந்தார்கள். இருவரும் 1985 ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். இருவரும் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர்கள்!

ஒருவர் கீது அன்னா ஜோஸ். கேரளாவில் கோட்டயம் பக்கம். உயரம் 6 அடி 2 அங்குலம். முதலில் வாலிபால் ஆடியவர். 2006-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரிங்வுட் ஹாக்ஸ் என்ற கிளப்பில் சேர்ந்து ஆடினார். ஆஸ்திரேலிய கிளப்புக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அங்கேயும் புள்ளிகளைக் குவித்தார். 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்துச் சோதித்துப் பார்த்தன. சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், அப்புறம்... நாம் மேலே பார்த்த அதே சான் அன்டோனியோ! இந்தியப் பெண் ஒருவர் அந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்டது அதுவே முதல் முறை. இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

இன்னொருவர் அனிதா பால்துரை. நம்ம சென்னைப் பொண்ணு. 11 வயதில் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். அதற்கு முன் அவருக்கு ஆர்வம் வாலிபாலிலும் ஓட்டத்திலும்தான். (ஆக, வாலிபால் ஆடுகிறவர்களே, உஷார்! உங்களையும் யாராவது கூடைப்பந்துக்கு இழுத்துக் கொண்டு போகலாம்.) பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோதே இந்திய அணி. 19 வயதில் கேப்டன். இந்தியப் பெண்கள் அணிக்கு அவ்வளவு சின்ன வயதில் கேப்டனானவர் வேறு யாரும் இல்லை. 8 ஆண்டுகள் அணியை நடத்தினார்.

ஆனால் அனிதா அக்காவுக்கு 'லீக் சட்டை' கிடையாது. அவர் ஆடிய காலம் முழுவதும் இந்தியாவில் பெண்களுக்கென்று என்.பி.ஏ. மாதிரி ஒரு தொழில்முறை கூடைப்பந்து லீக் இல்லவே இல்லை. 2015-ல் ஆண்களுக்கு ஒரு லீக் தொடங்கினார்கள். அதுவும் 2017-ல் நின்று போனது. சென்னை ஹீட் உட்பட 6 அணிகளோடு ஐ.என்.பி.எல். என்ற லீக் 2022-ல் ஆண்களுக்கு வந்தபோது, அனிதா ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் ஆகி விட்டன.

லீக் இல்லை என்றால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பணம் மட்டும் இல்லை. வா, ஒரு கணக்குப் போடுவோம்.

அனிதா 9 ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். இந்தியப் பெண்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆள். ஆசிய சாம்பியன்ஷிப் ஏறக்குறைய 2 ஆண்டுக்கு ஒரு முறை வரும். 9-ஐ 2-ஆல் பெருக்குங்கள். 18 ஆண்டுகள்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை கல்லூரி முடித்து வேலைக்கும் போய் விடும்.

சரி, ஒரு சாம்பியன்ஷிப்பில் எத்தனை ஆட்டம்? தாராளமாக 8 என்றே வைத்துக் கொள்வோம். 9 பெருக்கல் 8, மொத்தம் 72.

இப்போது ஆரம்பத்துக்குப் போய்ப் பாருங்கள். என்.பி.ஏ.வில் ஒரு அணிக்கு ஒரே சீசனில் 82!

18 ஆண்டுகளில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் அனிதாவுக்குக் கிடைத்த பெரிய ஆட்டங்கள், பேட்டி மில்ஸுக்கு ஆறே மாதத்தில் கிடைத்து விடும் என்றால் எப்படி இருக்கிறது! காமன்வெல்த் (2006), ஆசிய விளையாட்டு (2010) எல்லாம் தனி. அவற்றைச் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. சொதப்பினால் சரி செய்து கொள்ள 'அடுத்த பௌர்ணமி' அவருக்கு இல்லை. அவர் ஆடியது எல்லாமே தீபத் திருநாள் ஆட்டங்கள். அதனால்தான் லீக் புள்ளி விவரங்களை வைத்து ஒரு வீரரை எடை போடுகிறவர்கள், அனிதாவை எந்தத் தராசில் வைப்பது என்று தெரியாமல் விட்டு விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் மீதி நாளெல்லாம் என்ன செய்தார்? அலுவலகம் உண்டு, பயிற்சி உண்டு, உள்ளூர்ப் போட்டிகள் உண்டு. வருஷா வருஷம் தேசிய சாம்பியன்ஷிப் உண்டு. அவற்றில் அவர் சேர்த்த பதக்கங்கள் 30. அதுவே ஒரு தேசிய சாதனை. வீட்டில் ஒரு ஆணிக்கு ஒரு பதக்கம் மாட்டினால் சுவரே நிரம்பி விடும்!

2013-ல் கத்தார் நாட்டின் தோஹா நகரில் 3 பேர் ஆடும் கூடைப்பந்துக்கு ஆசியப் போட்டி நடந்தது. பாதி மைதானம், ஒரே வளையம், 10 நிமிடம், யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறாரோ அவர் ஜெயித்தார். தெருவில் ஆடுகிற மாதிரியே இருக்கும். அதில் இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். அந்த அணியில் அனிதா.

அப்புறம் 2017 ஜூலை. ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவுப் போட்டி பெங்களூருவில் நடந்தது. பள்ளியில் 'ஏ' செக்ஷன், 'பி' செக்ஷன் இருக்கிறதே, அப்படி. 'பி' பிரிவில் முதலிடம் பிடித்தால்தான் ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா ஆடும் 'ஏ' பிரிவுக்குப் போக முடியும். இறுதிப் போட்டியில் எதிரணி கஜகஸ்தான். 40 நிமிடம் முடிந்தபோது பலகையில் 75-73. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் இந்தியா!

எட்டு அணிகள் மட்டும் ஆடும் 'ஏ' பிரிவுக்கு இந்தியா மேலேறியது. அந்த ஆண்டோடு அனிதா அக்கா நீலச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.